மருந்து கேட்கவில்லையா, மருத்துவர் கேட்கவில்லையா?

"மருந்துக்குக் கேக்க மாட்டேங்குது. கிருமிக்கு எதிர்ப்பு வந்துடுச்சி. எழுதித் தரோம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடுங்க."

என் சித்தி மகளுக்குப் பிரசவமான பதிமூன்றாம் நாள் ஓர் அரசு மருத்துவமனையில் எங்களுக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பு இது. தலைப்பிள்ளை. சுகப்பிரசவம்தான். கீழே வெட்டித் தையல் போட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் குளிர், காய்ச்சல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். ஏழாம் நாள், பிரசவம் பார்த்த அதே மருத்துவமனையில் மறுபடி சேர்த்தோம். ஆறு நாள் வைத்திருந்தார்கள். மூன்று வகை ஊசி மாற்றினார்கள். காலையில் இறங்கும் காய்ச்சல் சாயங்காலம் ஏறும். போகிற தீட்டில் கெட்ட வாடை. பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வார்டு நர்ஸ் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "இன்னாம்மா இது, வார்டே நாறுது. உங்க ஜனங்களுக்குக் குளிக்கிற பழக்கமே கிடையாதா? துணிய மாத்து, துணிய மாத்துன்னு எத்தினி தடவ சொல்றது?" மறுநாள் அவள் கட்டில் கக்கூஸ் பக்கத்துக்கு நகர்ந்தது.

"உங்க ஜனங்க" என்று அந்த நர்ஸ் எதை வைத்துச் சொன்னார்? நெற்றியில் எழுதி ஒட்டியிருந்ததா? கேஸ் ஷீட்டில் முகவரி இருக்கிறது. முகவரியின் கடைசிச் சொல் 'காலனி'. அது போதும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரி பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பணியிலிருந்தவர் சின்ன வயது டாக்டரம்மா. கையுறை மாட்டினார், மேசையில் படுக்கச் சொன்னார், விளக்கைத் திருப்பினார், உள்ளே கருவியை வைத்துப் பார்த்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கறுத்து அழுகிப்போன ஒரு காஸ் துணியை வெளியே எடுத்துப் போட்டார். தையல் போடும்போது ரத்தம் வடியாமலிருக்க உள்ளே வைத்த துணி. எடுக்க மறந்துவிட்டார்கள். முதல் ஆஸ்பத்திரியில் "கேக்கவில்லை" என்று சொன்ன அதே மூன்றாவது ஊசியைத்தான் இங்கேயும் தொடர்ந்தார்கள். ரெண்டு நாளில் காய்ச்சல் போய்விட்டது.

அதுவரை யாரிடமும் வாய் திறக்காதவள் என் துணைவியாரிடம் கேட்டிருக்கிறாள்: "அப்ப அந்த நாத்தம் என்னுது இல்லியாக்கா?"

இந்தக் கேள்விக்குத்தான் இக்கட்டுரை. முதல் மருத்துவமனை கொடுத்தனுப்பிய தாளில் 'மருந்துகளுக்குக் கட்டுப்படாத தொற்று' என்று எழுதியிருந்தது. ஆறு நாளில் கொடுத்த ஊசிகளின் பெயர் ஒவ்வொன்றும் அதில் இருந்தது. உள் பரிசோதனை செய்ததாக ஒரு வரி இல்லை. செய்திருந்தால்தானே எழுத! ஆறு நாளும் அவளைத் தொடாமல் வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். ஊசி குத்தும் அளவுக்குத் தொட்டார்கள். நோய் எங்கே இருக்கிறது என்று தேடும் அளவுக்குத் தொடவில்லை. தோழர்களே, இதற்கு மருத்துவத்தில் என்ன பெயரோ நமக்குத் தெரியாது. நம் தெருவில் இதற்குப் பெயர் தீண்டாமை.

எழுபத்திரண்டு மணி நேரம்

உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறான் என்று சொல்வார்கள். அதனால் அவர்களுடைய பாடப்புத்தகத்திலிருந்தே பேசுவோம்.

பிரசவத்துக்குப் பின் கருப்பையின் உள்சுவரில் வரும் தொற்று ஒரே கிருமியால் வருவதல்ல. பல கிருமிகள் சேர்ந்து வருவது. அதற்கு நரம்பில் ஏற்ற கிளிண்டாமைசின், ஜென்டாமைசின் என்ற இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். உலக சுகாதார நிறுவனமும் 2015இல் இதைத்தான் பரிந்துரைத்தது. பத்துப் பெண்களில் ஒன்பது பேருக்கு 48 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால்? ஊசியை மாற்று, மறுபடி மாற்று, பிறகு கைகழுவு என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. எழுபத்திரண்டு மணி நேரம் கடந்தும் காய்ச்சல் நின்றால் மருந்தைச் சந்தேகிக்கும் முன்பு நோயறிதலைச் சந்தேகி என்றுதான் சொல்கிறது. மறுபடியும் தலையிலிருந்து கால்வரை பார், அடிவயிற்றைத் தொட்டுப் பார், உள்ளே பார், ஸ்கேன் எடு, ரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு அனுப்பு.

எதைத் தேட வேண்டும்? நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். செத்த சதைக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு ரத்தத்தில் ஏற்றிய மருந்து எப்படிப் போகும்? அதை எடுத்தால்தான் காய்ச்சல் நிற்கும். இடுப்புக்குழிக்குள் சீழ்க்கட்டி இருக்கலாம். சீழ் மூட்டைக்குள்ளும் மருந்து நுழையாது, வடிக்க வேண்டும். வயிற்றைக் கிழித்து எடுத்த பிரசவமென்றால் தையலுக்குக் கீழே ரத்தம் கட்டிச் சீழ் பிடித்திருக்கலாம். இடுப்பு நாளங்களில் ரத்தம் உறைந்து அதில் தொற்று ஏறியிருக்கலாம். அப்போது காய்ச்சல் மட்டும் விடாது, ஆள் பார்வைக்கு நன்றாக இருப்பாள், சாதாரண ஸ்கேனில் தெரியாமலும் போகும். ஆண்டிபயாடிக்கோடு ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தும் வேண்டும். கொடுத்த மருந்துக்குள் அடங்காத கிருமியாக இருக்கலாம். சில நேரம் கொடுத்த மருந்தே காய்ச்சலை உண்டாக்கும்.

நோய் கருப்பையிலேயே இல்லாமலும் இருக்கலாம். பால்கட்டி மார்பு சீழ் பிடித்திருக்கும். சிறுநீரகத்தில் தொற்று ஏறியிருக்கும். நிமோனியா, மலேரியா, டைபாய்டு, டெங்கு எதுவும் இருக்கலாம். காசநோய் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் தலைதூக்குவது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். எலும்பும் தோலுமாக எட்டு மாதம்வரை நடவுக்குப் போன பெண்ணின் இருமலை யார் கேட்டார்கள்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் வரப்பிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல். தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. புல் அறுப்பவர்களுக்கும் விறகு பொறுக்குபவர்களுக்கும் காட்டுவேலை செய்பவர்களுக்கும் வருகிறது. அதாவது யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை. பென்சிலின் வகையோ ஜென்டாமைசினோ இதற்கு வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். கொடுத்தால் பெரும்பாலும் ரெண்டொரு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும், கொடுக்காவிட்டால் உயிர் போகும். கடித்த இடத்தில் பீடி நெருப்பால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு பல பேருக்கு இருக்கும். எங்கே இருக்கும்? அக்குளில், மார்புக்குக் கீழே, இடுப்பில், தொடை இடுக்கில். துணியை விலக்கிப் பார்த்தால் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு சீட்டு எழுதினால் சாகும்வரை தெரியாது.

இந்தப் பட்டியல் முழுவதையும் திரும்பப் படித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் கையால் தொட்டு, கண்ணால் பார்த்து, வாயால் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியவை. பெரிய எந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு ஜோடி கையுறையும், நல்ல வெளிச்சமும், எதிரில் கிடப்பவள் மனுஷி என்ற எண்ணமும் வேண்டும். மூன்றாவது, மருந்துக் கிடங்கிலிருந்து வருகிற சரக்கு அல்ல.

கனவான்களின் கை

பிரசவ ஜன்னியின் வரலாறே கையின் வரலாறுதான். வியன்னா நகரத்துப் பொது மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாகப் பிரசவம் பார்க்க இரண்டு பிரிவுகள் இருந்தன. இலவசத்துக்கு விலை, மருத்துவ மாணவர்கள் அவர்கள் உடம்பில் பாடம் படிப்பது. முதல் பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். இரண்டாவதில் மருத்துவச்சிகள். 1846ஆம் ஆண்டு டாக்டர்கள் பிரிவில் நூற்றுக்குப் பதினொரு தாய்மார்களுக்கு மேல் செத்தார்கள். மருத்துவச்சிகள் பிரிவில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஊர் ஏழைகளுக்கு இது தெரிந்திருந்தது. முதல் பிரிவில் போடாதீர்கள் என்று காலில் விழுந்து அழுதார்கள். தெருவிலேயே பெற்றுக்கொண்டு வந்தவர்களும் உண்டு. படித்தவர்களோ காற்று கெட்டுவிட்டது, பெண்களுக்குப் பயம், அவர்கள் உடம்பு வாகு அப்படி என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் 1847இல் உண்மையைக் கண்டார். பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் நேரே வந்து பெண்களைப் பரிசோதித்தார்கள். சாவு அந்தக் கையில்தான் வந்தது. குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். 1848இல் இரண்டு பிரிவிலும் சாவு நூற்றுக்கு ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது. பாராட்டினார்களா? அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் ஃபிலடெல்பியாவில் சார்லஸ் மெய்க்ஸ் என்ற பேராசிரியர், கனவான்களின் கை சுத்தமானது என்றே வாதாடியவர். செம்மல்வைஸ் வேலை இழந்தார், ஓரங்கட்டப்பட்டார், 1865இல் ஒரு மனநல விடுதியில் காயம் சீழ்பிடித்து இறந்தார்.

தோழர்களே, இந்தக் கதையை நாம் எப்படி வாசிக்கிறோம்? இரண்டாயிரம் ஆண்டுகளாக நம்மைப் பார்த்து 'தொட்டால் தீட்டு' என்றார்கள். பிள்ளைபெற்றவளின் துணியை வெளுத்த வண்ணாரப் பெண்ணையும், தொப்புள்கொடி அறுத்த மருத்துவச்சியையும், நஞ்சைப் புதைத்தவளையும் தீட்டு என்று தள்ளிவைத்தார்கள். விஞ்ஞானம் சோதித்துப் பார்த்தபோது வியன்னாவில் சாவைச் சுமந்துவந்தது கனவானின் கை. நாட்டு மருத்துவச்சி எல்லாம் தெரிந்தவள் என்று புனிதப்படுத்த நான் வரவில்லை. துருப்பிடித்த அரிவாளும் கொடியில் வைத்த சாணியும் எத்தனை பிள்ளைகளை ஜன்னியில் கொன்றன என்பது நமக்குத் தெரியும். நான் சொல்வது ஒன்றுதான். சுத்தம் வேறு, தீட்டு வேறு. சுத்தம் கையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. தீட்டு அது யாருடைய கை என்று பார்க்கிறது.

1927இல் மகாத் குளத்தில் அம்பேத்கரும் நம் மக்களும் தண்ணீர் அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எதை ஊற்றி? சாணியையும் மாட்டு மூத்திரத்தையும் ஊற்றி. மனிதன் தொட்ட தண்ணீரைச் சாணி ஊற்றிச் சுத்தம் செய்கிற மூளை, நவீன மருத்துவம் படித்தால் மட்டும் மாறிவிடுமா? வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே அது அப்படியே இருக்கிறது. அழுகிய காஸ் துணியின் வாடையைச் சேரியின் வாடை என்று மோந்து அறிகிறது.

கோஷா ஆஸ்பத்திரி

மருத்துவமனைக்குச் சாதி கிடையாது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பழைய பெயரை நினைவூட்டலாம். சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையைப் பழைய ஜனங்கள் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்பார்கள். 1885இல் அது தொடங்கப்பட்டபோது அதன் பெயரிலேயே 'சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்கும்' என்று இருந்தது. விக்டோரியா மகாராணியின் பேரால் நடந்த மருத்துவமனை! சாதி உள்ள பெண்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் மீதிப் பெண்களுக்கு? அவர்களும் அதே பத்து மாதம் சுமந்தவர்கள்தானே? இந்த மண்ணில் பெண்களுக்கான நவீன மருத்துவம் வாசலில் சாதியை எழுதி வைத்துக்கொண்டுதான் வந்தது. பெயர்ப்பலகை மாறியது. கதவு திறந்தது. அது போராட்டத்தின் வெற்றி; குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதவு திறந்தபின் உள்ளே நடப்பதென்ன?

சட்டத்தையே பாருங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், ஒரு தலித்தையோ பழங்குடியையோ மருத்துவமனைக்குள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமென்கிறது. நல்லது. என் தங்கச்சியை யாரும் வாசலில் தடுக்கவில்லை. கட்டில் கொடுத்தார்கள், கஞ்சி கொடுத்தார்கள், ஊசி கொடுத்தார்கள். தொடுவதை மட்டும் கொடுக்கவில்லை. நுழையவிட்டுத் தொடாமல் விடுவதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது? அந்த நர்ஸ் பேசிய பேச்சுக்குக்கூட, 'உங்க ஜனங்க' என்றால் எந்த ஜனம் என்று நீதிமன்றம் நம்மைத்தான் கேட்கும்.

எதிர்ப்புச் சக்தி என்ற மந்திரம்

மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியே கிடையாது என்று நாம் சொல்லவில்லை. இருக்கிறது, நம் ஊரிலேயே இருக்கிறது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபெனெம் மருந்துகளையே உடைத்துப்போடும் நொதியை உண்டாக்கும் மரபணு பற்றி 2010இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஆய்வு வந்தது. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமி மாதிரிகள். அந்த நொதியின் பெயரில் புதுதில்லி என்று இருந்ததற்கு எவ்வளவு கூச்சல்! நாட்டின் மானம் போயிற்றாம், மருத்துவச் சுற்றுலா கெட்டுப்போகுமாம். அந்தக் கிருமி யார் உடம்பில் இருந்தது, அவர்கள் பிழைத்தார்களா என்று கூச்சல் போட்டவர்கள் கேட்கவில்லை. சீட்டில்லாமல் ஆண்டிபயாடிக் விற்பதைத் தடுக்க 2013இல் எச்1 என்று ஓர் அட்டவணை கொண்டுவந்தார்கள். 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. சட்டம் ஒரு பக்கம், காய்ச்சல் வந்த கூலிக்காரன் கடையில் நாலு மாத்திரை வாங்கி விழுங்குவது ஒரு பக்கம். அவன் டாக்டரைப் பார்க்கப் போனால் ஒருநாள் கூலி போகும் என்பதை எந்த அட்டவணையும் எழுதவில்லை.

எதிர்ப்பு உண்டா இல்லையா என்பதைக் கல்ச்சர்தான் சொல்ல வேண்டும். டாக்டரின் வாய் சொல்லக்கூடாது. முதல் ஊசி போடும் முன்பே ரத்தம் எடுத்து அனுப்பினால் ரெண்டு மூன்று நாளில் எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரிந்துவிடும். கல்ச்சர் எடுக்காமல் எதிர்ப்பு என்று எழுதுவது நோயறிதலல்ல, பழிபோடுவது. முன்பெல்லாம் விதி என்றார்கள், கர்மா என்றார்கள், தெய்வக் குத்தம் என்றார்கள். இப்போது ரெசிஸ்டன்ஸ் என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: எங்கள் மேல் தப்பில்லை.

அவர்கள் சொல்லப்போவது

ஒன்று: "எல்லாத்துலயும் சாதியைப் பாக்காதீங்க. ஒரு டாக்டர் எத்தினி பேரைப் பாப்பார்? மறதி யாருக்கும் வரும்." வரும். காஸ் துணி ஊர்க்காரப் பெண்ணுக்குள்ளும் மறந்து விடப்படலாம். ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வாடை அடித்தால் யாரை முதல் நாளே மேசையில் ஏற்றிப் பார்ப்பார்கள், யாரைக் குளிக்கச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்பது மறதியின் கணக்கில் வராது. ஆள் பற்றாக்குறை உண்மை. பற்றாக்குறை வரும்போது யாரிடமிருந்து எடுக்கப்படுகிறது என்பதுதான் அரசியல்.

இரண்டு: "தமிழ்நாடு முன்மாதிரி மாநிலம்." 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிறப்புக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார்கள் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 மருத்துவமனையில். பெருமைதான். ஊர் ஊராக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர்களின் உழைப்பு அது. அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் அந்த மாதிரிக் கணக்கெடுப்பு வெளியிடும் தாய்மார் மரணத் தாளில் மாநிலம் இருக்கிறது, சாதி இல்லை. 54 பேரில் காலனியில் எத்தனை, ஊர்த்தெருவில் எத்தனை என்று தெரியாது. செத்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், என் தங்கச்சியைப் போல சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் எந்தத் தாளில் வருவார்கள்?

மூன்று: "தனியாருக்குப் போயிருக்கலாமே." போயிருந்தால் முதல் நாளே ஸ்கேன் எடுத்திருப்பார்கள், காசுக்காக. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் நூற்றுக்கு 63.8 வயிற்றைக் கிழித்து எடுத்தவை. கருப்பைத் தொற்று சுகப்பிரசவத்தைவிட அறுவையில்தான் பல மடங்கு அதிகம். தொடாமல் கொல்வது ஒன்று, தேவையில்லாமல் கிழிப்பது ஒன்று. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

வார்டைக் கழுவும் பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொற்று என்றதும் 'ஆயா சரியாகக் கழுவவில்லை' என்று அவர்கள் மேல் பாயும். அந்த ஆயாவும் துப்புரவுத் தொழிலாளியும் பெரும்பாலும் நம் பெண்கள். ஒப்பந்தக் கூலி, கிழிந்த கையுறை. ரத்தத்தையும் சீழையும் அள்ளும் கைக்குச் சோப்பு கொடுக்காத நிர்வாகம், தொற்றைப் பற்றிப் பாடம் எடுக்கிறது. கட்டிலில் கிடப்பவளும் நாம், கட்டிலுக்குக் கீழே துடைப்பவளும் நாம். குற்றவாளியும் நாமேயாம்!

நம் வீட்டுக்குள்ளும்

இனி நம் முகத்தைப் பார்ப்போம். ஐந்தாம் நாள் வாடை வந்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சித்தியிடம் சொன்னாள், சித்தி "பச்ச உடம்புன்னா அப்படித்தான் இருக்கும், ஆம்பளைங்க காதுல விழப்போவுது, சும்மா இரு" என்றாள். அவள் புருஷனுக்குத் தெரியாது. இருபது வருடமாக மேடையில் தீண்டாமை பேசுகிற எனக்கும் தெரியாது. காய்ச்சல் என்று மட்டும் சொன்னார்கள். நானும் "மாத்திரை வாங்கிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டேன். மருத்துவர் கேட்கவில்லை என்று தலைப்பு வைத்த நான் கேட்டேனா?

பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு என்று மூலையில் பாய் போடுவதும், தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் நாக்கு வறள வைப்பதும், பழந்துணியை வெயில் படாமல் மறைத்து உலர்த்தச் சொல்வதும் பார்ப்பனியம் நமக்குக் கொடுத்த எச்சில். ஊர்த்தெரு நம்மைத் தள்ளிவைத்ததை எதிர்த்துப் போராடுகிற நாம், நம் வீட்டுப் பெண்ணை நாற்பது நாள் தள்ளிவைக்கிறோம். தாய்மைச் சலுகையைப் பற்றி அம்பேத்கர் 1928இலேயே பம்பாய் சட்டமன்றத்தில் எழுந்து ஆலைப் பெண்களுக்காகப் பேசினார். பிரசவம் பெண்ணின் சொந்த விஷயம் என்று அவர் விடவில்லை. நாட்டின் பொறுப்பு என்றார். அவர் படத்தை மாட்டிய நம் மன்றங்களில் பிரசவ ஜன்னி பற்றி ஒரு கூட்டம் நடந்திருக்கிறதா? கொலை என்றால் சாலை மறியல். வார்டில் நடக்கும் கொலைக்கு விதி என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

என்ன செய்வது?

மாணவர்களும் இயக்கத் தோழர்களும் இதை மனதில் பதியவைத்துத் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும்.

1. பிரசவமான நாற்பத்திரண்டு நாளைக்குள் காய்ச்சல், கெட்ட வாடை, அடிவயிற்று வலி, மார்பில் கட்டி, தையலில் சீழ் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், பேச்சு குழறினால், மூத்திரம் குறைந்தால், மயக்கம் வந்தால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. சில தொற்றில் காய்ச்சலே இல்லாமலும் ஆள் சரிந்துவிடும்.

2. "முதல் ஊசிக்கு முன்னாடி ரத்தம் கல்ச்சருக்கு எடுத்தீங்களா?" என்று கேளுங்கள்.

3. எழுபத்திரண்டு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால், "உள்ளே பரிசோதனை செஞ்சாச்சா? ஸ்கேன் எடுத்தாச்சா? நஞ்சுக்கொடி முழுசா வந்துச்சின்னு எழுதியிருக்கா? வேற காய்ச்சலுக்குச் சோதிச்சாச்சா?" என்று கேளுங்கள். காட்டுவேலை செய்தவளென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், விடாமல் கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றாதீர்கள்.

4. கேஸ் ஷீட்டின் நகலை எழுத்துமூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. எழுதாதது நடக்கவில்லை என்பதற்கு அந்தத் தாளே சாட்சி.

5. நாம் வைக்க வேண்டிய கோரிக்கை: பிரசவ அறையில் வைத்த துணியும் எடுத்த துணியும் எண்ணி எழுதப்பட வேண்டும். வட்ட மருத்துவமனைவரை கல்ச்சர் வசதி வேண்டும். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்புக் கருவியும் வேண்டும். தாய்மார் மரணக் கணக்கு சாதிவாரியாக வெளியாக வேண்டும். தொடாமல் வைத்தியம் பார்ப்பது தீண்டாமை என்று சட்டம் சொல்ல வேண்டும்.

அந்த ராத்திரி கையுறை மாட்டிய டாக்டரம்மாவின் சாதி எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அவர் தியாகம் ஏதும் செய்யவில்லை. படித்த படிப்பைச் செய்தார், அவ்வளவுதான். நாம் கேட்பதும் அவ்வளவுதான். கருணை வேண்டாம், தலையில் தடவிக்கொடுக்க வேண்டாம். நோயைத் தேடித் தொடுங்கள்.

தங்கச்சி தேறிவிட்டாள். பிள்ளை தவழ்கிறது. இன்றைக்கும் கூட்டத்தில் உட்கார்ந்தால் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள், தன் மேல் வாடை வருமோ என்று. காய்ச்சலுக்கு மருந்து கேட்டது. இந்த நோய்க்கு மருந்தை நாம்தான் தயாரிக்க வேண்டும் தோழர்களே. அவளிடமும் அவளைப் போன்ற ஆயிரம் பெண்களிடமும் போய் உரக்கச் சொல்லுங்கள்: அந்த நாற்றம் உன்னுடையதல்ல.